காலி வண்டியில் காலேஜ் பார்த்த கதை

காலை ஐந்தரை இருக்கும். லோடு ஏற்றிக்கொண்டு ஊர் முக்கில் திரும்பினேன். அங்கே என் மகள் பத்தடி உயரத்துக்கு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிரேக் போட்டேன். பின்னால் பலாப்பழங்கள் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டன.

ஃப்ளெக்ஸ் பேனர். முதல் நாள் சாயங்காலம் அது அங்கே இல்லை. புது மழைக்கோட்டு வாசம் அடித்தது. நந்தினியின் பள்ளிக்கூடப் போட்டோ. அவளைவிட ஒரு மடங்கு பெரிதாக என் மச்சினன் சரவணன், கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு, பின்னால் சிங்கப்பூர் கட்டடங்கள். நடுவில் சென்னையில் உள்ள அந்தப் பெரிய இன்ஜினியரிங் காலேஜின் பெயர், சிவப்பு எழுத்தில். அதில் இடம் பிடித்த எங்கள் வீட்டுச் சிங்கத்துக்கு வாழ்த்துகள் என்று போட்டிருந்தது.

ஒரே ஒரு சங்கடம். இடம் இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்குமா என்றும் தெரியாது. ரிசல்ட்டுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

சப்மிட் ஆனால் சீட்டு

இது நடந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். பலாப்பழ சீசன் முடிகிற நேரம். நான் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தினமும் புதுக்கோட்டை மார்க்கெட்டுக்கு லோடு அடிப்பேன்.

அன்றைக்கு லோடை இறக்கிவிட்டு வழியில் டீ குடிக்க நின்றேன். கடைக்காரர் கிளாஸைக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

“என்ன மாமா, பிள்ளை மெட்ராஸாமே. சொல்லவே இல்லை?”

“இன்னும் வரல.”

“பேனரே வந்துருச்சு. இன்னும் என்ன வரணும்?”

டீயைக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்தால் சரவணன் முற்றத்தில் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. ஒரு மாத லீவில் வந்திருந்தான். என் மனைவி வளர்மதி, அவனுடைய அக்கா, கையில் கரண்டியோடு நின்றாள்.

“என்னடா பண்ணி வச்சிருக்க?”

“அக்கா, நான் பாத்தேன்க்கா. போன்ல பிள்ளை பேரு இருந்துச்சு. கீழ முதல் எடத்துல அந்தக் காலேஜ் பேரு இருந்துச்சு. அவ அமுக்குனா. சப்மிட் ஆச்சுன்னு பச்சையா வந்துச்சு. நான் ஃப்ளைட் டிக்கெட் போடறப்ப அப்படித்தானே வரும்? சப்மிட் ஆனா சீட்டு ஆச்சுன்னுதானே அர்த்தம்?”

அவன் பார்த்தது சீட்டு இல்லை. எந்தெந்தக் காலேஜ் வேண்டும் என்று பிள்ளைகள் வரிசையாக எழுதி அனுப்புகிற பட்டியல். நந்தினி இருபத்தேழு காலேஜ் எழுதியிருந்தாள். மார்க்குப்படி அதில் ஏதோ ஒன்று கிடைக்கும். முதலில் எழுதியதே கிடைக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. போன வருஷம் அந்தக் காலேஜில் மெக்கானிக்கல் எடுத்த கடைசிப் பிள்ளையைவிட இவளுக்கு ஒன்றரை மார்க் குறைவு. அவளுடைய கணக்கு சார், “கெடைக்கலாம், கெடைக்காமலும் போகலாம்” என்று சொல்லியிருந்தார். அதை நானும் சொல்லியிருப்பேன்.

அந்தக் காலேஜ் ஏன்

நந்தினி பதினொன்றாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் சென்னைக்குக் கூட்டிப்போனார்கள். போன பிள்ளைகள் எல்லாம் பீச்சைப் பற்றிப் பேசின. இவளுக்கு மட்டும் ஒரே பேச்சு.

“அப்பா, அந்தக் காலேஜ்ல பொம்பளப் பிள்ளைங்க நாலு பேரு ஒரு காரை முழுசாக் கழட்டிப் போட்டுட்டு நடுவுல உக்காந்திருந்தாங்க. அதை அவங்களே செஞ்சாங்களாம். மூஞ்சியெல்லாம் கிரீஸு.”

சாமி தரிசனம் பண்ணியவள் மாதிரி சொன்னாள். அன்றிலிருந்து அந்தக் காலேஜ்தான்.

அவளுக்கு வண்டி என்றால் சின்ன வயதிலேயே பிடிக்கும். பஞ்சர் ஆனால் வளர்மதி என்னைக் கூப்பிட மாட்டாள், அவளைத்தான் கூப்பிடுவாள். நான் ஜாக்கியைத் தேடி எடுப்பதற்குள் அவள் நட்டைக் கழற்றியிருப்பாள்.

பேனரும் தென்னை மட்டையும்

நந்தினி பேனரைப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. அழுவாள் என்று நினைத்தேன்.

“மாமா, ஒங்க மூஞ்சிதான் அதுல பெருசா இருக்கு. ஊர்ல பாதிப் பேரு நீங்கதான் காலேஜ்ல சேர்றீங்கன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க.”

சரவணனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

“அவுத்துப் போட்டுறவா?”

“அவுத்தா ஏன் அவுத்தீங்கன்னு கேப்பாங்க. அதுக்கு வேற பதில் சொல்லணும்.”

அவன் மனசு கேட்கவில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு போய், காலேஜ் பெயர் இருந்த இடத்தில் குறுக்காக ஒரு தென்னை மட்டையைக் கட்டிவிட்டு வந்தான். அதற்குப் பிறகு அந்த வழியாகப் போனவர்கள் எந்தக் கோயிலில் திருவிழா என்று கேட்டார்கள். சரவணன்தான் நன்கொடையாளர் என்று நினைத்து ஒருவர் கும்பிட்டுவிட்டே போனார்.

மத்தியானம் நந்தினி உள்ளேயே இருந்தாள். மூன்று மணிக்கு வெளியே வந்தாள். கையில் போன மாத காலண்டர் தாள், பின்பக்கம் வெள்ளை. பேனா.

“அப்பா, எல்லாரும் வாங்க. கெடைக்கலைன்னா என்னன்னு இன்னைக்கே பேசி முடிச்சுருவோம்.”

“கெடைக்கும்டி, நல்ல வார்த்தை பேசு” என்றாள் வளர்மதி.

“கெடைச்சா பேசறதுக்கு ஒண்ணுமில்லம்மா. பெட்டியைக் கட்டிட்டுப் போயிருவேன். கெடைக்கலைன்னாத்தான் பேச்சே.”

எனக்கு அது சரி என்று பட்டது.

எனக்கு ஒரு தாள் இல்லை

இந்த இடத்தில் பழைய விஷயம் ஒன்று சொல்ல வேண்டும்.

நான் எட்டாவதோடு நின்றவன். இருபது இருபத்தொரு வயதில் பெரிய பஸ் ஓட்ட வேண்டும் என்று ஆசை. ஒரு பஸ் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பத்தாவது பாஸ் பண்ணியிருக்க வேண்டும் என்றார்கள். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

வெளியே வந்தேன். அடுத்து எங்கே போவது என்று தெரியவில்லை. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தேன். பஸ்கள் வந்தன, போயின. டிரைவர்களின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டுகிற வரை உட்கார்ந்திருந்தேன். இல்லை என்று சொன்னது கஷ்டமாக இல்லை. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லாமல் இருந்ததுதான் கஷ்டம்.

அதனால் மகள் தாளை எடுத்துக்கொண்டு வந்ததும் நான் ஒன்றும் சொல்லாமல் வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டேன்.

வண்டிக்குள் கூட்டம்

நாலு பேரும் லோடு ஏற்றுகிற இடத்தில் உட்கார்ந்தோம். விற்காமல் மிஞ்சிய பழம் ஒன்றை வளர்மதி அறுத்தாள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்துப் போட்டாள். பேச்சைவிட சுளை வேகமாகத் தீர்ந்தது.

“திருச்சிக்கு முன்னாடியே ஒரு காலேஜ் இருக்கு. பட்டியல்ல ஆறாவதா எழுதியிருக்கேன். அது வரும்னு நெனைக்கிறேன். வீட்டுலருந்தே பஸ்ல போகலாம்.”

“தெனமுமா? கீரனூர் தாண்டியா? ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?”

“அக்கா, எங்க ஊர்ல ரெண்டு மணி நேரம் டிரெயின்ல நின்னுக்கிட்டே வேலைக்கிப் போறான்.”

“ஒங்க ஊரா? எப்படா சிங்கப்பூரு ஒங்க ஊராச்சு?”

சரவணன் சுளையை வாயில் போட்டுக்கொண்டான்.

அதுவும் வராவிட்டால் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்துவிட்டு நேரே இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்தில் சேரலாம் என்று எழுதினாள். அதற்குக் கீழே, ஒரு வருஷம் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டே மறுபடி பரீட்சை என்று எழுதினாள். அதை எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. சரவணன் சிங்கப்பூரை எழுதச் சொன்னான். எழுதவில்லை.

வளர்மதி கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “எதுவுமே வரலைன்னா நம்ம வண்டிக்கே டிரைவராப் போட்டுக்குவோம். இவருக்கும் முட்டி வலிக்குதுங்கறாரு.”

நந்தினி சந்தோஷமாக அதை எழுதிக்கொண்டாள்.

“சம்பளம் கெடையாது” என்றேன்.

அந்தக் கூட்டத்தில் நான் பேசியது அவ்வளவுதான். மூன்று பேரும் அப்படிச் சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, “சீட்டு வந்துருச்சா?” என்று கேட்டது.

“இல்லக்கா” என்றாள் நந்தினி. “வரலைன்னா என்னன்னு பேசிக்கிட்டிருக்கோம்.”

அந்தம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் இரண்டு சுளை வாங்கிக்கொண்டு போனது.

மூங்கிலைக் கட்டிக்கொண்டு

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. உயரமான லோடு என்றால் முதலில் காலி வண்டியில் அந்த வழியில் ஒரு தடவை போய் வருவேன்.

ஒரு முறை ஐயனார் கோயிலுக்கு மண்குதிரை ஏற்ற வேண்டியிருந்தது. ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு. குதிரையின் காது உயரத்துக்கு ஒரு மூங்கிலை வெட்டி, வண்டியில் நட்டுக் கட்டிக்கொண்டு, முந்தின நாளே போய்ப் பார்த்தேன். இரண்டு இடத்தில் கரண்டுக் கம்பி தட்டியது. ஒரு புளியமரக் கிளையும் தட்டியது. மூங்கில்தானே, ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் சுற்று வழியில் குதிரை காது உடையாமல் போய்ச் சேர்ந்தது.

நந்தினியிடம் சொன்னேன். “தாள்ல எழுதினது போதாது. காலி வண்டியில போய்ப் பாத்துருவோம்.”

“திருச்சி காலேஜுக்கா?”

“ம்.”

பஸ்ஸில் பயணியாக

மறுநாள் என் வண்டியை எடுக்கவில்லை. அவள் தினமும் எப்படிப் போவாளோ அப்படியே போய்ப் பார்க்க வேண்டும். ஐந்தே முக்கால் பஸ்ஸில் புதுக்கோட்டை. அங்கே திருச்சி பஸ். நான் பயணியாக உட்கார்ந்து வெகு நாளாகியிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் பிரேக்கை அமுக்கியது. நந்தினி பார்த்துச் சிரித்தாள்.

கீரனூரில் ஒரு கூட்டம் ஏறியது. எல்லாம் காலேஜ் பிள்ளைகள். தலையில் பூ, தோளில் பை, கையில் டிபன் பாக்ஸ். நின்ற பிள்ளைகள் பைகளை எங்கள் மடியில் போட்டன. யார் என்ன என்று கேட்கவில்லை. என் மடியில் மூன்று பை.

ஒரு பிள்ளை நந்தினியிடம் குனிந்து கேட்டது. “ஃபர்ஸ்ட் இயரா?”

“இன்னும் இல்ல. திருச்சி காலேஜ் கெடைச்சா வருவேன்.”

“வந்தா இந்த பஸ்லயே வா. அடுத்த வண்டில ஏறிறாத. அந்த கண்டக்டர் பாட்டே போட மாட்டாரு.”

“போட்டாலும் ஒரே பாட்டுத்தான்டி” என்றது இன்னொன்று.

டிபன் பாக்ஸ் ஒன்று ஓடுகிற பஸ்ஸிலேயே திறந்தது. எலுமிச்சைச் சாதம். நந்தினிக்கும் ஒரு கை கொடுத்தார்கள். எனக்கும் நீட்டினார்கள். மடியில் மூன்று பை இருந்ததால் வாங்க முடியவில்லை.

வாட்ச்மேன் சொன்னது

காலேஜ் கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தினார்.

“அட்மிஷனுங்களா?”

“இல்லைங்க” என்றேன். “மெட்ராஸ்ல கெடைக்கலைன்னா இங்க வரலாம்னு. பாத்துட்டுப் போக வந்தோம்.”

நந்தினி என் சட்டையை இழுத்தாள். வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எல்லாரும் அப்படித்தாங்க வாராங்க. ஆனா வாயைத் தெறந்து சொன்னவரு நீங்க ஒருத்தர்தான். அங்கிட்டு நேராப் போங்க.”

ஆபீசில் கேட்டுவிட்டு ஒர்க்‌ஷாப் பக்கம் போனோம். நீளமான கொட்டகை. ஆயிலும் இரும்பும் கலந்த வாசம். எனக்குப் பழகிய வாசம்தான். வாசல் பக்கம் நீலக் கோட்டு போட்ட ஒரு பிள்ளை தரையில் உட்கார்ந்து ஒரு இன்ஜினைப் பிரித்துக்கொண்டிருந்தது. வண்டி இன்ஜின் இல்லை.

“இது என்ன இன்ஜின்க்கா?” என்றாள் நந்தினி.

“போட் இன்ஜின். எங்க அப்பாவோடது. மணமேல்குடிப் பக்கம் எங்க ஊரு. உப்புத் தண்ணி ஏறி நின்னுபோச்சு. சார்கிட்டக் கேட்டு இங்கயே கொண்டாந்துட்டேன். இந்தா, இதைக் கொஞ்சம் புடி.”

நந்தினி பிடித்தாள். இரண்டு பேரும் குனிந்தவர்கள் முக்கால் மணி நேரம் நிமிரவில்லை. யாரோ பார்க்க வந்த பிள்ளை என்பதை அந்தப் பெண் மறந்துவிட்டது. “அதை எடு, இதைத் துடை, அங்கிட்டுத் திருகு” என்று அதட்டியது. பவித்ரா என்று பெயர். மூன்றாம் வருஷம்.

கடைசியில்தான் விசாரித்தது. நந்தினி சென்னைக் காலேஜைச் சொன்னாள்.

“நானும் அதைத்தான் மொதல்ல எழுதினேன். இது எனக்குப் பதினோராவது.”

“அப்புறம் வருத்தமா இல்லையாக்கா?”

பவித்ரா யோசித்தது. “ஒரு மாசம் இருந்துச்சு. அப்புறம் இன்டர்னல் எக்ஸாம் வந்துருச்சு.”

திரும்பி வரும்போது நந்தினியின் துப்பட்டா நுனியில் கிரீஸ். கையைக் கழுவியும் போகவில்லை. பஸ்ஸில் விரல்களை மோந்து பார்த்துக்கொண்டே வந்தாள். நான் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நல்ல டயரைக் கழற்றினாள்

ரிசல்ட் நாளன்று காலையிலிருந்து போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சரவணன் மூன்று போனை வைத்துக்கொண்டு மூன்றிலும் பார்த்தான். பத்து மணிக்கு மேல் வந்தது.

முதல் காலேஜ் இல்லை. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, ஐந்தாவதும் இல்லை. ஆறாவது. திருச்சி. மெக்கானிக்கல்.

நந்தினி போனைத் திண்டின் மேல் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். வளர்மதி பின்னால் போகப் பார்த்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன்.

கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். வண்டிக்கு ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்தாள். முன்பக்கம் இடது டயரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அது நல்ல டயர். காற்றுகூடக் குறையவில்லை.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு நட்டாகக் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டேன். ஸ்டெப்னியை மாட்டினாள். பார்த்தாள். மறுபடி கழற்றினாள். பழைய டயரையே மாட்டினாள். வேர்வை வழிந்தது. வேர்வை மட்டும் இல்லை. துடைத்துக்கொள்ள என் துண்டைக் கொடுத்தேன்.

“ஒண்ணரை மார்க்குப்பா.”

“ம்.”

“ஒரு கணக்குல ரெண்டாவது வரியில தப்பு பண்ணேன். அது தெரியும் எனக்கு.”

“ம்.”

கடைசி நட்டை இறுக்கிவிட்டு எழுந்தாள். உள்ளே வந்து போனை எடுத்தாள். கிடைத்ததை எடுத்துக்கொள்கிறேன், மேலே இடம் வந்தால் அங்கே போகிறேன் என்று ஒரு பட்டன் உண்டாம். அதை அமுக்கினாள்.

“இன்னும் ஒரு வாரம் அந்தக் கதவு தெறந்திருக்கட்டும்” என்றாள். “மூடினா மூடட்டும்.”

சரவணன் மெல்லக் கேட்டான். “சப்மிட் ஆச்சா?”

“மாமா!”

அன்றைக்கு அந்த வீட்டில் முதல் சிரிப்பு அதுதான். மத்தியானமே அவன் ஏணியோடு போய்ப் பேனரைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

அளவு

அந்த வாரம் முடிகிற அன்றைக்கு நான் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. ஓரம் கட்டினேன்.

“அப்பா, மாறலை. திருச்சிதான்.”

“அழறியா?”

“இல்லைப்பா. ஒர்க்‌ஷாப் கோட்டு தைக்கணுமாம். சாயங்காலம் புதுக்கோட்டை போவமா?”

சாயங்காலம் போனோம். கீழ ராஜ வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு தையல் கடை. நீலத் துணிகள் அடுக்கடுக்காக இருந்தன. தையல்காரர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார்.

“எந்தக் காலேஜும்மா?”

திருச்சிக் காலேஜின் பெயரைச் சொன்னாள். சத்தமாகவே சொன்னாள். தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

தையல்காரர் கையின் அளவை எடுத்தார். “வளர்ற பிள்ளை. நாலு வருஷம் போடணும். கையை ரெண்டு இஞ்சு லூசா வச்சுருவோம்” என்றார் என்னைப் பார்த்து. நான் தலையாட்டப் போனேன்.

“லூசா வேணாம்ணே” என்றாள் நந்தினி. “மெஷின் ஓடறப்ப கை துணி சிக்கிக்கும். மணிக்கட்டோட ஒட்டி வைங்க.”

அவர் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். “எவ்வளவு ஒட்டி?”

அவள் கையை நீட்டி, அவர் விரலைப் பிடித்து, டேப்பில் இடத்தைக் காட்டினாள்.